ஆற்றுக்கு அந்தப் பக்கம்

கோடநாடு காட்சிமுனைக்கு வருகிறவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்கிற முதல் கேள்வி, ரங்கசாமி மலை எது என்பது. இரண்டாவது, "கீழே ஆத்துப் பக்கத்துல பச்சையா ஒரு திட்டு தெரியுதே, அது என்ன?" போன மாதம் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தபோதும் பக்கத்தில் நின்ற ஒருவர் இதையேதான் கேட்டார். தெங்குமரஹாடா என்றேன். ஊரா, ரிசார்ட்டா என்றார். ஊர்தான், நெல்லும் வாழையும் போடுகிறார்கள் என்றேன். "செம லொகேஷன்ங்க" என்று சொல்லிவிட்டு செல்ஃபி எடுக்கப் போய்விட்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மேலே நின்று பார்த்தால் அது அழகான ஊர்தான். நடமாடும் மருத்துவக் குழுவின் வண்டியில் பதினான்கு வருஷம் லேப் டெக்னீஷியனாகச் சுற்றியிருக்காவிட்டால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

கோத்தகிரியிலிருந்து அந்த ஊருக்குப் போகிற வழியைக் கேளுங்கள். முதலில் மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும். அது கோயம்புத்தூர் மாவட்டம். அங்கிருந்து பவானிசாகர். அது ஈரோடு மாவட்டம். அப்புறம் காராச்சிக்கொரை செக்போஸ்ட் தாண்டி, யானை நடமாடும் காட்டுக்குள் குலுங்கிக் குலுங்கிப் போனால் மாயாற்றங்கரை. பஸ் அதோடு நின்றுவிடும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மறுபடியும் நீலகிரி மாவட்டம். மேலே இருக்கிற நம்ம ஊரிலிருந்து கீழே இருக்கிற நம்ம ஊருக்குப் போக மூன்று மாவட்டம், ஒரு ஆறு. 1948-இல் கூட்டுறவுப் பண்ணைச் சங்கம் வைத்து நிலம் கொடுத்துக் குடியமர்த்தப்பட்ட ஊர். அதற்கு இன்னும் ஒரு பாலம் வரவில்லை.

ஆற்றில் தண்ணீர் குறைவாக இருந்தால் ஜீப்பும் டிராக்டரும் இறங்கி ஏறிவிடும். இல்லாவிட்டால் பரிசல். முதலை இருக்கிற ஆறு என்பதை முதல்முறை கடந்து முடித்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள்.

ஒரு நாள் அங்கே ரத்தப் பரிசோதனை முகாம் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தோம். என் மடியில் நீல நிற ஐஸ் பெட்டி. தடுப்பூசி கொண்டு போகிற பெட்டிதான், அன்றைக்கு அதில் ஊதா மூடி போட்ட ரத்தக் குழாய்கள் எழுபது, எண்பது இருந்தன. அந்தப் பெட்டிக்கு ஒரு பக்குவம் உண்டு. ஐஸ் பாக்கெட்டை ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு உள்ளே வைக்கக் கூடாது. வெளியே வைத்து வியர்க்க விட வேண்டும். காதோரம் பிடித்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் அசைகிற சத்தம் கேட்க வேண்டும். அவசரப்பட்டு வைத்தால் தடுப்பூசி உறைந்து வீணாகும், ரத்தமாக இருந்தால் செல் உடைந்து வெறும் சிவப்புத் தண்ணீராகிவிடும். அந்தப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தால், காலையில் முழங்கால் அளவு இருந்த ஆறு பழுப்பாக இடுப்புக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது.

"மேல பைக்காரா பக்கம் பேஞ்சிருக்கும். இல்லன்னா கரண்டுக்காரன் தண்ணி தொறந்திருப்பான்" என்றார் பரிசல்காரர். இந்த ஊரின் மழை இந்த ஊரில் பெய்வதில்லை.

எங்களோடு கரையில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் தாய்சேய் நல அட்டை, பழைய ஸ்கேன் தாள், ஒரு சீப்பு. மறுநாள் காலையில் சத்தியமங்கலத்தில் ஸ்கேன். ஊருக்குள்ளேயே ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, ஆனால் ஸ்கேனுக்கும் ஆபரேஷனுக்கும் ரத்தத்துக்கும் ஆற்றைத் தாண்டித்தான் ஆக வேண்டும். தண்ணீர் இறங்கட்டும் என்று இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். அவள் ஒரு வார்த்தை அலுத்துக்கொள்ளவில்லை. நான்தான் நாலு முறை மணி பார்த்தேன். பொழுது இறங்கினால் காட்டுவழியில் வண்டி விட மாட்டார்கள்.

தீவு என்ற சொல் அன்றைக்குத்தான் எனக்குள் வந்து உட்கார்ந்தது. எங்கள் வீட்டில் அது புதுச் சொல் இல்லை. அப்பாயி இலங்கையிலிருந்து வந்தவள்.

1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தார்களே, அந்தக் கணக்கில் ஒரு தலை அவள். 1973-இல் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, கடைசியில் கோத்தகிரிப் பக்கத்து டான்டீ தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாள். வந்தவர்களுக்கென்றே 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் அவை. அங்கேயும் கொழுந்து, இங்கேயும் கொழுந்து. அங்கேயும் லயம் என்கிற வரிசை வீடு, இங்கேயும் லயம். குளிர்கூட ஒன்றுதான் என்பாள்.

அப்பாயிக்கு மொத்தம் ஆறு பிள்ளைகள், மூன்று தங்கியது. முதல் பிள்ளை பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தது. அந்தக் கதையை அவள் சொல்லும்போது குரல் மாறாது, அதுதான் எங்களுக்கு பயமாக இருக்கும். "நல்ல செகப்பாத்தான் பொறந்துச்சு. தொப்புள்கொடிய கவ்வாத்துக் கத்தியாலதான் அறுத்தாக. சாம்பல வச்சுக் கட்டுனாக. எட்டாம் நாளு வாயத் தொறந்து பாலு குடிக்கல. வில்லு மாதிரி வளைஞ்சிருச்சு." செய்வினை என்று சொல்லி மந்திரிக்கக் கூட்டிப் போனார்களாம். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கத்தி, தோட்டத்து மண், சாம்பல். நர்ஸ்களோடு வேலை பார்க்க ஆரம்பித்த பிறகுதான் அது பச்சிளங்குழந்தை டெட்டனஸ் என்று எனக்குத் தெரிந்தது. தாய்க்குக் கர்ப்ப காலத்தில் போடுகிற ஊசி, கொதிக்க வைத்த பிளேடு, இவ்வளவுதான் அதற்கு மருந்து.

இதில் எனக்கு ஆறாத ஒன்று இருக்கிறது. தாய்சேய் நலத்தில் ஆசியாவுக்கே முன்மாதிரி என்று சொல்லப்படுவது இலங்கை. 1926-இலேயே களுத்துறையில் சுகாதாரப் பிரிவு தொடங்கி, ஊருக்கு ஒரு பயிற்சி பெற்ற மருத்துவிச்சியை வீட்டு வாசலுக்கே அனுப்பிய நாடு அது. 1940-களின் கடைசியில் சில ஆண்டுகளுக்குள் பேறுகால மரணங்கள் பாதியாகக் குறைந்தன. அப்பாயியின் தோட்டம் அதே தீவில்தான் இருந்தது. ஆனால் தோட்டத்து ஜனங்களின் வைத்தியம் தொரைமார் பொறுப்பு. டிஸ்பென்சரி உண்டு, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா உண்டு, அரசாங்க மருத்துவிச்சி மட்டும் லயத்துப் படி ஏற மாட்டாள். 1948-இல் குடியுரிமையும் போய்விட்ட ஜனங்கள். எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான் அரசின் சுகாதார சேவை மெல்ல உள்ளே வந்தது, அதற்குள் அப்பாயி கப்பலேறிவிட்டாள். சுற்றிலும் கடல் இருந்தது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. லயத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே இருந்த இரண்டு மைலைத்தான் அவளால் தாண்ட முடியவில்லை.

கொரோனா காலத்தில் வீட்டில் முடங்கிக் கிடந்தபோது செயின்ட் கில்டா என்ற தீவைப் பற்றிப் படித்தேன். ஸ்காட்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக்கில் தனியாக நிற்கிற பாறைத் தீவு. கடற்பறவையைப் பிடித்துத் தின்று வாழ்ந்த ஜனம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் செத்துப்போன காலம் உண்டு. அந்த நோய்க்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'எட்டு நாள் நோய்'. படித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன். பதுளையில் அப்பாயி எண்ணிய அதே எட்டு. 1890-களில் அங்கிருந்த பாதிரியார் ஒருவர் சுத்தமாகப் பிரசவம் பார்க்கிற முறையைக் கற்று வந்த பிறகுதான் அது நின்றது. அப்படியும் தீவு தாங்கவில்லை. வைத்தியமும் இல்லை, வேலைக்கு இளவட்டமும் இல்லை என்ற நிலையில் 1930 ஆகஸ்ட் 29-ஆம் தேதி மிச்சமிருந்த 36 பேரும் கப்பலேறி வெளியேறினார்கள். அதே ஸ்காட்லாந்தில் 1913-இலேயே மலைப்பகுதிகளுக்கும் தீவுகளுக்கும் என்று தனி மருத்துவ சேவை தொடங்கி, டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் அரசு பணம் கொடுத்து அனுப்பியிருக்கிறது. தூரத்துக்கு என்று தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பதை நூறு வருஷத்துக்கு முன்னாலேயே யாரோ யோசித்திருக்கிறார்கள்.

இந்தியாவில் அந்த எட்டு நாள் நோய் ஒழிந்துவிட்டது என்று 2015-இல் உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. எங்கள் கிராம சுகாதார நர்ஸ்கள் புதன்கிழமை தவறாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்த நடையின் பலன் அது. அவர்களுக்கு யாரும் சிலை வைக்கப் போவதில்லை. வைக்க வேண்டாம், பயணப்படியை நேரத்துக்குக் கொடுத்தால் போதும் என்பார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

2012. கோத்தகிரிக்குக் கீழே சரிவில் இருக்கிற ஒரு பதி, இருளர் பழங்குடிக் குடியிருப்பு. எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. ஜீப் நிற்கிற இடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் இறக்கம், திரும்பி ஏற இரண்டரை மணி. அங்கே பத்தொன்பது, இருபது வயதுப் பெண், முதல் கர்ப்பம். சாலி மீட்டரில் ரத்தம் பார்த்தேன். இப்போது மெஷின் வந்துவிட்டது, அப்போது கண்தான் மெஷின். குழாயில் கோடு வரை ஆசிட் விட்டு, விரல் குத்தின ரத்தத்தை உறிஞ்சி அதில் ஊதி, பத்து நிமிஷம் வைத்தால் காப்பி நிறத்துக்கு வரும். அப்புறம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்துப் பக்கத்துக் கண்ணாடியின் நிறத்தோடு பொருத்த வேண்டும். பதியில் திண்ணையில் உட்கார்ந்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துத்தான் பார்ப்பேன். கொஞ்ச சொட்டுகளிலேயே நிறம் பொருந்திவிட்டது. ஹெச்.பி., அதாவது ஹீமோகுளோபின், 7.2. கர்ப்பிணிக்கு 11-க்குக் குறைந்தாலே ரத்தசோகை.

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த மாதம் 7. அதற்கடுத்த மாதம் 6.9. "மாத்திரை சாப்பிடறியாம்மா?" என்று கேட்டேன். "சாப்பிடறேன்க்கா" என்றாள். நான் நம்பவில்லை. அட்டையில் 'மாத்திரை ஒழுங்காக எடுக்கவில்லை' என்று எழுதினேன். என் கையெழுத்து, நீல மை, இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அந்த ஒரு வரி அவளோடு கூடவே போனது. சமவெளியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே அட்டையைப் பார்த்தவர்கள், "அரசாங்கம் குடுக்கற மாத்திரைய காட்டுல எறிஞ்சிட்டு இங்க வந்து ரத்தம் ஏத்தணுமா?" என்று வார்டில் பத்துப் பேர் முன்னால் கேட்டிருக்கிறார்கள். பிரசவத்தின்போது கை கால் இடுப்பெல்லாம் வலி தாங்காமல் கத்தினாளாம். பிரசவ வலிக்கு இப்படியா கத்துவாய் என்று அதற்கும் ஒரு ஏச்சு. குழந்தை 1.9 கிலோ. நல்லவேளையாக இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

அவளுக்கு இருந்தது சிக்கிள் செல் நோய். ஆறு மாதம் கழித்து நான்தான் கண்டுபிடித்தேன், கண்டுபிடித்தேன் என்று சொல்வதே அசிங்கம். ரொம்பச் சாதாரணமான டெஸ்ட் அது. மருந்துக் கரைசலில் ஒரு துளி ரத்தம் கலந்து ஐந்து நிமிஷம் வைத்து, கறுப்புக் கோடு போட்ட தாளுக்கு முன்னால் குழாயைப் பிடிக்க வேண்டும். நல்ல ரத்தமென்றால் கோடு தெரியும். சிக்கிள் என்றால் கலங்கி, கோடு மறைந்துவிடும். மேற்கொண்டு எலக்ட்ரோஃபோரஸிஸ் என்ற இன்னொரு டெஸ்ட் செய்தால் அது நோயா, வெறுமனே கடத்துகிற கூறா என்று தெரியும். அவளுடைய குழாய்க்குப் பின்னால் கோடு இல்லை. தாளை மாற்றிப் பார்த்தேன். அப்போதும் இல்லை.

இந்த நோய்க்காரர்களுக்கு ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து சீக்கிரம் உடைந்துபோகும். ஹெச்.பி. ஏழிலேயே நிற்பது அவர்களுக்கு வழக்கம், இரும்பு மாத்திரையைக் கிலோக் கணக்கில் கொடுத்தாலும் அது பத்துக்கு ஏறாது. குளிர், தண்ணீர் குடிக்காமல் இருப்பது, காய்ச்சல், இவையெல்லாம் வலியைக் கிளப்பிவிடும். பிரசவ நேரத்தில் அது உயிருக்கே உலை. அவள் உண்மையாகவே ஒரு மாத்திரை விடாமல் சாப்பிட்டிருக்கிறாள்.

அதைவிட வெட்கம், இது எங்கள் மலைக்குப் புது விஷயமே இல்லை என்பது. இந்தியாவிலேயே சிக்கிள் செல் முதன்முதலில் பதிவானது நீலகிரியின் பழங்குடிகளிடம்தான். 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். நாடு தழுவிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டம் வந்தது 2023 ஜூலையில். நடுவில் 71 வருஷம். அந்த இடைவெளியில் வேலை செய்தவர்கள் இல்லாமல் இல்லை. கூடலூரில் அஸ்வினி அமைப்பு நடத்துகிற ஆதிவாசி மருத்துவமனையும், கோத்தகிரியில் 1958-இல் தொடங்கிய நீலகிரி ஆதிவாசி நலச் சங்கமும் பதி பதியாக ஏறி இறங்கி ரத்தம் பார்த்தார்கள். கூடலூரில் நர்ஸ்களே அந்த மக்களின் பெண்கள். அவர்களில் ஒருத்தி என் இடத்தில் இருந்திருந்தால் "சாப்பிடறேன்க்கா" என்றதை நம்பியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

அப்புறம் அவள் வீட்டுக்காரருக்கும் டெஸ்ட் செய்தோம். அவருக்குக் கோடு பளிச்சென்று தெரிந்தது. அப்படியென்றால் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தக் கூறு மட்டும் போகும், நோய் வராது. இரண்டு பேருக்குமே கூறு இருந்தால்தான் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. இதை அந்தத் திண்ணையில் நாலு கூழாங்கல்லை வைத்து விளக்கிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அட்டையில எழுதினத அடிச்சிருவீங்களாக்கா?" என்று கேட்டாள். அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

2016-இல் இரண்டாவது கர்ப்பம். இந்த முறை எல்லாம் தெரியும். ஃபோலிக் ஆசிட், மாதா மாதம் டாக்டர், தேதிக்கு மூன்று வாரம் முன்பே ரோட்டோரம் வந்து தங்க வேண்டும். மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவக் காத்திருப்பு அறை என்று ஒன்று உண்டு. கட்டில், சாப்பாடு, கூட ஒருவர் தங்கிக்கொள்ளலாம். அருமையான ஏற்பாடு, நான் அதைக் கேலி செய்யவில்லை. டோலி கட்டி இருட்டில் இரண்டரை மணி நேரம் ஏறுவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

அவள் வர மாட்டேன் என்றுவிட்டாள்.

மூன்று முறை போய்க் கேட்டோம். மாதாந்திரக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில்: "அவங்களுக்கு விழிப்புணர்வு பத்தல. ஒரு நாடகம் போடுங்க." இந்த விழிப்புணர்வு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போதும் பல் கூசும். எந்தப் பெண் எங்கள் பேச்சைக் கேட்கவில்லையோ அவள் தூங்குகிறாள் என்று அர்த்தமாகிவிடுகிறது. 'மாத்திரை ஒழுங்காக எடுக்கவில்லை' என்று நான் எழுதியதும் அதே ஜாதிதான், கொஞ்சம் நீளமான வாக்கியம், அவ்வளவே.

நாலாவது முறை நான் தனியாகப் போனேன். ஃபைல் எடுத்துப் போகவில்லை. அவள் அடுப்பு மூட்டினாள், நான் பலாக்கொட்டை உரித்துக் கொடுத்தேன். பேச்சோடு பேச்சாக அவள் கணக்கு முழுவதும் வந்தது. வீட்டுக்காரர் எஸ்டேட்டில் தினக்கூலி, விடிவதற்கு முன் ஏறினால் இருட்டித்தான் இறங்குவார். மாமியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை. மகனுக்கு வயது மூன்று. பலா பழுக்கிற காலம், கரடி வாசல் வரை வரும், யானையும் வரும். பகலில் அங்கன்வாடி பார்த்துக்கொள்ளும், ராத்திரிக்கு யார்? துணைக்கு மாமியாரைக் கூட்டிப் போனால் பையனுக்கு ஆளில்லை. வீட்டுக்காரரைக் கூட்டிப் போனால் மூன்று வாரக் கூலி போச்சு. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 12,000 ரூபாய் வருமே என்றேன். வரும், பேங்க்குக்கு வரும், பேங்க் மேலே கோத்தகிரியில் இருக்கிறது, அரிசிக்கடைக்காரர் அதுவரை பொறுக்க வேண்டுமே என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

இதில் எந்த இடத்தில் விழிப்புணர்வு குறைகிறது? அவள் என்னைவிடத் துல்லியமாகக் கணக்குப் போட்டிருந்தாள். தன் உயிரை ஒரு தட்டிலும் பையனின் இருபத்தோரு ராத்திரியை இன்னொரு தட்டிலும் வைத்திருந்தாள். நாங்கள் அந்த முதல் தட்டை மட்டும் பார்த்துக்கொண்டு நாடகம் போடக் கிளம்பியிருந்தோம்.

தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு. பெருமையான எண்தான், இதற்காக உழைத்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் குழந்தை எங்கே பிறந்தது என்பது மட்டும்தான் அந்த எண்ணுக்குத் தெரியும். அவள் எத்தனை மணி நேரம் டோலியில் இருந்தாள், வீட்டில் யாரை விட்டுவிட்டு வந்தாள், கரையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்பதெல்லாம் எந்தப் படிவத்திலும் கட்டமாக இல்லை.

2009 நவம்பரில் சில நாள் எங்கள் எல்லோருக்கும் இது புரிந்தது. கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை. மலை சரிந்து 40 பேருக்கு மேல் செத்தார்கள். மேட்டுப்பாளையம் ரோடெல்லாம் அறுந்துபோய், கலெக்டர் முதல் காய்கறிக்காரர் வரை மலையில் மாட்டிக்கொண்டோம். 108 வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, வண்டி இருந்தது, போக வழி இல்லை. எங்கள் லயத்தில் நிறைமாதக்காரி ஒருத்தி இருந்தாள். அப்பாயி அப்போது உயிரோடு இருந்தாள். வெந்நீர் வை, புது பிளேடு வாங்கி வை, கவ்வாத்துக் கத்திய யாரும் தொடாதீங்க என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நல்லபடியாக மூன்றாம் நாள் வழி திறந்தது. அதன் பிறகு மாவட்டம் மறுபடியும் மாவட்டமாகிவிட்டது, பதிகள் மட்டும் எப்போதும்போல அப்படியே இருந்தன. இப்போது ஊட்டியில் 700 படுக்கையோடு பெரிய மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, பழங்குடிகளுக்கென்று தனி வார்டு, எல்லாம் 2025-இல் வந்துவிட்டது. சந்தோஷம். பதியிலிருந்து ரோட்டுக்கு ஏறுகிற அந்த இரண்டரை மணி நேரம் மட்டும் இரண்டரை மணி நேரமாகவே இருக்கிறது.

தெங்குமரஹாடாவையே காலி செய்துவிடலாம் என்ற யோசனை பல வருஷமாக ஓடுகிறது. புலிகள் காப்பகக் காடு, விலங்குகளின் வழித்தடம். 497 குடும்பங்கள், குடும்பத்துக்கு 15 லட்சம் என்று கணக்கிட்டு, உயர் நீதிமன்றம் வரை போன விஷயம். ஊரிலேயே இரண்டு கட்சி. வயசான ஆண்கள் நிலத்தைப் பேசுவார்கள். அந்த ஊர்ப் பெண் ஒருத்தியிடம் கேட்டேன், போக இஷ்டமா என்று. "பாலம் போட்டுட்டுக் கேட்டா யோசிச்சுச் சொல்லலாம். பாலம் போடாம கேட்டா எல்லாரும் போறேன்னுதானே சொல்லுவோம்" என்றாள். செயின்ட் கில்டா ஜனங்களும் தாங்களாகவே மனு எழுதிக் கொடுத்துத்தான் வெளியேறினார்கள் என்று படித்தபோது இவள் குரல்தான் காதில் கேட்டது.

அந்த இருளர் பெண் கடைசியில் வந்தாள். வந்தது எப்படி என்று சொல்கிறேன். காத்திருப்பு அறையில் கர்ப்பிணியோடு ஒருவர்தான் தங்கலாம், சாப்பாடும் இரண்டு பேருக்குத்தான். அங்கே இருந்த நர்ஸ் சிஸ்டர் ஒரு பழைய ஆள், ரிட்டையர் ஆக ஒரு வருஷம் இருந்தது, யாருக்கும் பயப்பட மாட்டார். நான் விஷயத்தைச் சொன்னதும், "துணைக்கு வர்றவங்களுக்கு இத்தனை வயசு ஆகியிருக்கணும்னு ஆர்டர்ல போட்டிருக்கா?" என்று கேட்டார். நான் பார்த்தவரையில் போட்டிருக்கவில்லை. "அப்ப பையனைக் கூட்டிட்டு வரச் சொல்லு."

பையன் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, கையில் பாதி கடித்த கொய்யாவோடு வந்தான். வரும் வழியில் வண்டி வளைவுகளில் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தான். சிஸ்டர் அவன் முகத்தைத் துடைத்துவிட்டு ரிஜிஸ்டரைத் திறந்தார். பெயர், வயது, ஊர், எத்தனையாவது கர்ப்பம், ரத்த வகை, எல்லாம் வரிசையாக எழுதினார். சிக்கிள் செல் என்பதைச் சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு போட்டார். 'உடன் இருப்பவர்' என்ற கட்டம் வந்ததும் பேனாவை நிறுத்தி, கட்டிலில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தவனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் எழுதினார்: மகன், வயது 3.